ஒருபாலினத் திருமணம் வாக்குக்கு வந்தால் மலையகம் என்ன சொல்லும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில் உள்ள அட்டனில் உயர்தர மாணவர்களுக்குப் புள்ளிவிபரவியல் கற்பித்து வருகிறேன். ஒரு வகுப்பில், வெளிநாடுகளில் ஒருபாலினத் திருமணத்துக்கு நடந்த வாக்கெடுப்புகளின் முடிவுகளைப் பகுதிவாரியாகப் பிரித்துப் பார்க்கும் பயிற்சியைக் கொடுத்தேன். அன்றிலிருந்து மாணவர்களும், அவர்களுடைய பெற்றோரும், சக ஆசிரியர்களும், தேயிலைத் தோட்டத்து இளைஞர் வட்டங்களில் பேச அழைத்தவர்களும் ஏறத்தாழ ஒரே கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே வைத்து, என்னால் இயன்ற பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

நம்ம நாட்டுல இதுக்கு ஓட்டு எப்ப வைக்கப் போறாங்க டீச்சர்?

அப்படியொரு வாக்கெடுப்பு அறிவிக்கப்படவில்லை. திருமணம் இருக்கட்டும், ஒரே பாலினத்தவர் இருவரின் உறவே இலங்கையில் இன்னும் குற்றமாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ ஆகிய பிரிவுகள் அதற்குரியவை. 365அ பிரிவு முதலில் ஆண்களை மட்டுமே குறித்தது. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் அதைப் பெண்களுக்கும் விரித்தது. இப்பிரிவுகளை மாற்றுவதற்காகப் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. ஆயினும் அது நிறைவேறுவதற்கு முன்னரே 2024 செப்டம்பரில் பாராளுமன்றம் கலைந்தது.

திருமணச் சட்டத்தை மாற்ற மக்கள் தீர்ப்பு நடத்தியே ஆக வேண்டும் என்றும் இல்லை. மக்கள் தீர்ப்பால் மட்டுமே மாற்றக்கூடிய உறுப்புரைகளை அரசியலமைப்பின் 83ஆம் உறுப்புரை பட்டியலிடுகிறது. திருமணம் அதில் இல்லை. எனவே பாராளுமன்றமே சாதாரணச் சட்டமாக இதை நிறைவேற்ற முடியும். எனினும் தேசிய முக்கியத்துவம் உள்ள விடயம் என்று கருதினால், ஜனாதிபதி 86ஆம் உறுப்புரையின்படி எதையும் மக்களிடம் சமர்ப்பிக்கலாம். கீழே வரும் கணிப்புப் பேச்சு முழுவதும் அந்த ஒரு வாசல் திறந்தால் என்ன நடக்கும் என்பதைப் பற்றியதே.

ஓட்டே இல்லாதப்ப எதுக்கு இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கணும்?

ஏற்கெனவே எல்லோரும் மனத்துக்குள் கணித்து வைத்திருக்கிறார்கள் என்பதால்தான். "கொழும்பு ஆதரிக்கும், தோட்டம் எதிர்க்கும்" என்பதை எத்தனையோ பேர் கண்ணால் கண்ட செய்தியைப் போலச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சொல்பவர் நல்ல எண்ணத்தோடு சொன்னாலும், அது எண்ணிப் பார்த்துச் சொன்னதன்று. எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது என்பதையும், அந்த முறை எங்கே பலமானது, எங்கே வழுக்கும் என்பதையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

வேற நாடுகள்ல ஊருக்கு ஊர் எப்படி விழுந்திருக்கு?

அயர்லாந்தில் 2015 மே 22 அன்று நடந்த வாக்கெடுப்பில் 62 வீதத்தினர் ஆதரித்தனர். 43 தொகுதிகளில் ரொஸ்கொமன் - தெற்கு லீட்ரிம் என்ற ஒரே தொகுதி மாத்திரமே எதிர்த்தது. அங்கும் எதிர்ப்பு 51 வீதத்தைச் சற்றே தாண்டியது. சுவிற்சர்லாந்தில் 2021 செப்டம்பர் 26 அன்று 64.1 வீதத்தினர் ஆதரித்தனர். அல்ப்ஸ் மலைகளை ஒட்டிய, பழைமை பேணுவதில் பெயர்போன சின்னஞ்சிறு மாநிலமான உள் அப்பென்செல்லிலும் ஆதரவு பாதியை மயிரிழையில் தாண்டியதால், எதிர்த்த மாநிலம் என்று ஒன்றுகூட இல்லாமற் போயிற்று. மலைப்பிரதேசம் என்றாலே எதிர்ப்பு என்று எண்ணுபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த எண்ணைத்தான்.

அவுஸ்திரேலியாவில் 2017இல் நடந்த தபால் வழிக் கருத்தறிதலில் 61.6 வீதத்தினர் ஆதரித்தனர். 150 தொகுதிகளில் 133 ஆதரித்தன, 17 எதிர்த்தன. எதிர்த்தவற்றில் 12 நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், பெரும்பாலும் மேற்குச் சிட்னியில், குடியேறிய மக்கள் செறிந்து வாழும் நகரப் பகுதிகள். குயின்ஸ்லாந்தின் மூன்று தொகுதிகளோ நேர்மாறானவை. பெரும்பாலும் நாட்டுப்புறமும் பண்ணைகளும் நிறைந்தவை. ஒரே விடையை இரு வேறு சமூகங்கள் இரு வேறு காரணங்களுக்காகத் தரலாம் என்பதை மாணவர்கள் இங்கேதான் கண்டுகொள்கிறார்கள்.

தாய்வானில் 2018 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில், திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானதாகவே இருக்க வேண்டும் என்று 72 வீதத்தினர் வாக்களித்தனர். ஆறு மாதங்களின் பின் அந்நாட்டில் என்ன நடந்தது என்பதைக் கடைசிக்கு முந்திய பதிலில் சொல்கிறேன்.

ஓட்டுப் பெட்டியைத் திறக்கிறதுக்கு முன்னாலயே எப்படி இவ்வளவு வீதம்னு சொல்லுறாங்க?

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, முன்பு நடந்த வாக்கெடுப்புகளிலிருந்து விதியொன்றை வருவிப்பது. அமெரிக்காவில் 2008 வரையில் ஏறத்தாழ முப்பது மாநிலங்கள் ஒருபாலினத் திருமணத்தைத் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தங்களுக்கு வாக்களித்திருந்தன. அந்த முடிவுகளை வைத்து நேட் சில்வர் என்ற புள்ளிவிபரவியலாளர் 2009இல் ஒரு மாதிரியை அமைத்தார். வாக்கெடுப்பு நடந்த ஆண்டு, மதம் தம் அன்றாட வாழ்வில் முக்கியம் என்று சொல்வோரின் வீதம், வெள்ளையின நற்செய்திக் கிறிஸ்தவர்களின் வீதம் ஆகிய மூன்று மாத்திரமே அதற்குப் போதுமாயிருந்தன. தடைக்கான ஆதரவு ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு புள்ளிகள் வீதம் குறைந்து வருவதை அது காட்டியது. மிசிசிப்பியே கடைசியாக மாறும் மாநிலம் என்றும் சொன்னது.

அந்த மாதிரி எல்லா இடத்திலும் சரியாக அமையவில்லை. ஆனால் அது சுட்டிய திசை சரியானதே: 2009இல் ஒருபாலினத் திருமணத்தை வாக்கால் நீக்கிய மேய்ன் மாநிலம், 2012இல் அதே வாக்கால் அதை ஏற்றுக்கொண்டது. மூன்றே ஆண்டுகள், ஏறத்தாழ அதே மக்கள்.

இரண்டாவது வழி, நாடு முழுவதற்குமான ஒரு கருத்துக்கணிப்பை எடுத்து, வயது, பால், கல்வி, மதம், மொழி என்று சிறு வகைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகையினதும் ஆதரவை மதிப்பிட்டு, பிறகு ஒவ்வொரு பகுதியிலும் எந்த வகையினர் எத்தனை பேர் என்ற குடிசன மதிப்பு எண்களால் நிறையிட்டுக் கூட்டுவது. எம்.ஆர்.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் முறை இதுவே. எடுத்துக்காட்டுக்காக மட்டும் ஒரு கணக்கு: 35 வயதுக்கு மேற்பட்டோரில் 15 வீதமும், அதற்குக் கீழ்ப்பட்டோரில் 35 வீதமும் ஆதரிப்பதாகக் கொள்வோம். மூத்தோர் 60, இளையோர் 40 என்று உள்ள பிரதேசத்தில் மொத்த ஆதரவு 23 வீதம். மூத்தோர் 45, இளையோர் 55 என்றால் 26 வீதம். தலைமுறைகளுக்கிடையே இருபது புள்ளி இடைவெளி இருந்தும், பிரதேசங்களுக்கிடையே வெறும் மூன்று புள்ளிதான் இடைவெளி. வரைபடத்தில் அடர் சிவப்பும் இளம் பச்சையுமாகத் தீட்டப்படும் வித்தியாசங்கள் பெரும்பாலும் இவ்வளவு மெல்லியவையே.

அந்த அமெரிக்கக் கணக்கை அப்படியே நுவரெலியாவுக்குப் போட்டுப் பார்க்கலாமா?

முடியாது. அதன் மூன்று உள்ளீடுகளில் ஒன்று அமெரிக்காவுக்கே உரிய கிறிஸ்தவப் பிரிவு பற்றியது. மற்றொன்றான மத ஈடுபாடு நம் பகுதியில் பிரித்துக் காட்டும் அளவுகோலே ஆகாது. தோட்டத்து மாரியம்மன் கோயில் தேருக்கு வராதவர் எவர்? எல்லோரும் ஒரே விடை சொல்லும் கேள்வி எவரையும் எவரிடமிருந்தும் பிரிக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, விதியை வருவிப்பதற்கு நம் நாட்டில் முன்னைய வாக்கெடுப்பு இல்லை. ஆகவே இரண்டாவது வழியே நமக்குப் பொருந்தும்.

அதையும் மாவட்ட அளவில் நிறுத்திவிடக் கூடாது. நுவரெலியா மாவட்டத்தில் நான்கு தேர்தல் தொகுதிகள் உள்ளன: நுவரெலியா - மஸ்கெலியா, கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை. மாவட்ட வாக்காளரில் பாதிக்கு மேற்பட்டோர் முதலாவது தொகுதியிலேயே இருக்கிறார்கள். அங்கே தோட்டத் தமிழரே பெரும்பான்மை. ஹங்குராங்கெத்தவோ பெரிதும் சிங்களக் கிராமங்களைக் கொண்டது. இவற்றைக் கூட்டி "நுவரெலியாவின் கருத்து" என்று ஒரே எண்ணைச் சொன்னால், அது பொகவந்தலாவையையும் காட்டாது, ஹங்குராங்கெத்தவையும் காட்டாது.

தோட்டத்து ஆளுங்க படிப்புக் குறைவு, அதனால எதிர்த்துத்தான் போடுவாங்கன்னு கொழும்புல ஒருத்தர் சொன்னாரு. அது சரிதானே?

இந்தக் கேள்வி என்னை வருத்துகிறது. கேட்ட பிள்ளை தோட்டத்துப் பிள்ளை. "சரிதானே" என்ற சொல்லில் அதை நம்பியும் விட்டாள்.

ஒரு பகுதியின் மொத்த எண்ணிலிருந்து அதில் வாழும் தனிமனிதரின் மனத்தைச் சொல்லிவிட முடியாது. டபிள்யூ. எஸ். ரொபின்சன் என்ற சமூகவியலாளர் 1950இல் இதை அழகாகக் காட்டினார். அமெரிக்காவில் வெளிநாட்டில் பிறந்தோர் அதிகமாக இருந்த மாநிலங்களில் எழுத்தறிவும் அதிகமாக இருந்தது. அப்படியானால் வெளிநாட்டில் பிறந்தோர் அதிகம் எழுத்தறிவுள்ளவர்களா? ஆளுக்கு ஆள் பார்த்தால் விடை நேர்மாறு. எழுத்தறிவு உயர்ந்த மாநிலங்களில் அவர்கள் போய்க் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான்.

நம்மவர்களோடு தொடர்புடைய எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், முன்னர் சொன்ன மேற்குச் சிட்னியைப் பாருங்கள். இலங்கைத் தமிழர் பலர் வாழும் வென்ட்வேர்த்வில், பென்டில் ஹில் பக்கத்துத் தொகுதிகளான பரமட்டாவும் கிறீன்வேயும் எதிர்த்தவற்றில் அடங்கும்; பரமட்டாவில் எதிர்ப்பு 61.6 வீதம். இதை வைத்துத் தமிழர் எதிர்த்தார்கள் என்று சொல்ல முடியுமா? அந்தத் தொகுதிகளில் பல நாடுகளிலிருந்து வந்தவர்களும், பல மதத்தவர்களும், அங்கேயே பிறந்தவர்களும் கலந்து வாழ்கிறார்கள். வாக்குச் சீட்டில் இனம் எழுதப்படுவதில்லை. "பரமட்டா எதிர்த்தது" என்பது உண்மை. "பரமட்டாத் தமிழர் எதிர்த்தனர்" என்பது ஊகம். கொழும்பில் அந்தப் பிள்ளையிடம் சொன்னவர் வைத்திருந்ததோ ஊகத்துக்கும் கீழானது, ஏனெனில் எதிர்ப்பதற்கு இங்கே ஒரு வாக்குக்கூட இன்னும் விழவில்லை.

கோயில், பன்சலை, சேர்ச் என்ன சொல்லுதோ அதுதானே நடக்கும்?

அயர்லாந்தின் கத்தோலிக்க ஆயர்கள் 2015இல் எதிர்த்து வாக்களிக்கவே கேட்டுக்கொண்டார்கள்; முடிவை மேலே பார்த்தோம். அதே நாடு 1986இல் விவாகரத்தை அனுமதிப்பதையே மறுத்தது. 1995இல் மிகச் சிறிய வித்தியாசத்தில் ஏற்றது. மதம் தன் நிலைப்பாட்டை மாற்றாமலே மக்கள் மாறலாம். மதத்தை ஒரு காரணியாகக் கணக்கில் சேருங்கள். அதையே முடிவாக எழுதிவிடாதீர்கள்.

தலைவர் சொன்னா மொத்தத் தோட்டமும் அப்படியே போடும். கட்சி ஓட்டை வச்சே சொல்லிடலாமே?

தொழிற்சங்கங்கள் தேர்தல்களில் தோட்ட வாக்குகளைத் திரட்டி வந்தது உண்மை. ஆனால் 2024ஐப் பாருங்கள். செப்டம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தில் முதலிடம் பெற்றவர் ஐக்கிய மக்கள் சக்தியின் சஜித் பிரேமதாச. இரண்டு மாதம் கழியும் முன், நவம்பர் 14 பொதுத் தேர்தலில் அதே மாவட்டத்தில் முதலிடம் தேசிய மக்கள் சக்திக்குப் போயிற்று. கட்சித் தெரிவே இவ்வளவு விரைவாக மாறும்போது, எந்தக் கட்சியும் மேடையில் பேசாத ஒரு விடயத்தை அதிலிருந்து எப்படி வருவிப்பது?

மூத்தோர் சிலர் 1982ஐ நினைவூட்டுகிறார்கள். நம் நாட்டில் தேசிய அளவில் நடந்த ஒரே மக்கள் தீர்ப்பு அந்த ஆண்டு டிசம்பர் 22 அன்று நடந்தது; பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டுவதா என்பது கேள்வி, "ஆம்" என்பதற்கு விளக்கும் "இல்லை" என்பதற்குக் குடமும் சின்னங்கள். யாழ்ப்பாணம் குடத்தைத் தெரிந்தது, நுவரெலியா விளக்கைத் தெரிந்தது. சங்கம் அரசாங்கத்தோடு நின்றது, தோட்டமும் அப்படியே போட்டது என்பது அவர்கள் வாதம். ஆனால் 1982இல் மலையகத் தமிழரில் பெரும் பகுதியினர் இன்னும் நாடற்றவர்களாக, வாக்குரிமை இல்லாதவர்களாக இருந்தார்கள். அந்த எண்ணிக்கையில் என் தாத்தாவின் விரலில் மை படவே இல்லை. தோட்டத்தில் பலர் வாக்களிக்க முடியாத ஒரு வாக்கெடுப்பை வைத்துத் தோட்டத்தின் பழக்கத்தை நிறுவக் கூடாது.

லயத்துல போய்க் கேட்டா உண்மையைச் சொல்லுவாங்களா?

கேட்கும் முறையைப் பொறுத்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் நின்று கேட்டால் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும், மாமியார் உள்ளே இருப்பார், கேட்பவர் வெளியூர்க்காரர். அந்த இடத்தில் மனிதர் சொல்வது தம் கருத்தைவிட, தம்மைப் பற்றி என்ன நினைக்கப்பட வேண்டும் என்பதையே. காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் கூட்டமாக நிற்கும்போது கேட்பது இன்னும் மோசம்.

ஆய்வாளர்கள் கையாளும் ஒரு தந்திரம் உண்டு. ஒரு குழுவிடம் நான்கு கூற்றுகளைக் கொடுத்து "எத்தனையை ஏற்கிறீர்கள்" என்று எண்ணிக்கையை மட்டும் கேட்பார்கள். இன்னொரு குழுவிடம் அதே நான்கோடு நாம் அறிய விரும்பும் ஐந்தாவது கூற்றையும் சேர்த்துக் கொடுப்பார்கள். முதல் குழுவின் சராசரி 2.0, இரண்டாவதின் சராசரி 2.3 என்றால், ஐந்தாவது கூற்றை ஏற்போர் 30 வீதம். யார் என்பது மட்டும் எவருக்கும் தெரியாது. கேள்வியின் சொற்களும் முக்கியம். பத்திரிகைகள் பழக்கப்படுத்திய "ஓரினச்சேர்க்கை" என்ற சொல்லால் கேட்டால் மனம் முதலில் உடலுறவுக்குப் போகிறது. "இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்வதைச் சட்டம் பதிவுசெய்யலாமா" என்று கேட்டால் குடும்பத்துக்குப் போகிறது. இரண்டையும் பாதிப் பாதிப் பேரிடம் கேட்டு வித்தியாசத்தை அளப்பதே நேர்மை.

எங்க புள்ளைக எல்லாம் கொழும்புலதான் வேலை. அவங்க ஓட்டு எங்க சேரும்?

இந்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கேட்டவர் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா. கடைகளிலும் வீடுகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் நம் இளைஞர் பலரின் பெயர் தோட்டத்து வாக்காளர் இடாப்பிலேயே இருக்கிறது. தபால் மூல வாக்கு அரச ஊழியர் போன்ற சில பிரிவினருக்கு மட்டுமே உரியதால், இவர்கள் பஸ் ஏறி வந்துதான் வாக்களிக்க வேண்டும். தீபாவளிக்கு லீவு கேட்கவே தயங்கும் பிள்ளை மக்கள் தீர்ப்புக்கு லீவு கேட்குமா?

முன்னர் போட்ட 60க்கு 40 கணக்கில் இளையோரில் பாதிப் பேர் வரவில்லை என்று வையுங்கள். 23 வீத ஆதரவு 20 ஆகிறது. வயதுக் கட்டமைப்பு முழுவதும் சேர்ந்து உண்டாக்கிய அதே மூன்று புள்ளியை, லீவு கிடைக்காமை ஒன்றே உண்டாக்கிவிடுகிறது. சட்டமூலம் ஒன்றே மக்களிடம் விடப்பட்டால், இதோடு 85ஆம் உறுப்புரையின் நிபந்தனையும் சேர்கிறது: செல்லுபடியான வாக்குகள் மொத்த வாக்காளரில் மூன்றில் இரண்டைத் தாண்டாவிட்டால், ஆதரவு வாக்குகள் மொத்த வாக்காளரில் மூன்றில் ஒன்றுக்குக் குறையக் கூடாது. ருமேனியாவில் 2018இல் ஒருபாலினத் திருமணத்தை அரசியலமைப்பால் தடுக்க நடந்த வாக்கெடுப்பு, வந்தவர்கள் 30 வீதத்தைத் தொடாததால் செல்லாமற் போனது. யார் வருகிறார்கள் என்பதும் ஒரு வாக்குத்தான்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க டீச்சர். இன்னைக்கே வச்சா என்ன ஆகும்?

தோற்கும். பியூ ஆய்வு மையம் 2023இல் வெளியிட்ட கணிப்பில் இலங்கையில் 23 வீதத்தினர் ஆதரித்தனர், 69 வீதத்தினர் எதிர்த்தனர். அதே ஆய்வில் இந்தியாவில் 53 வீதத்தினர் ஆதரித்தனர். 46 புள்ளி இடைவெளி இருக்கும்போது, மேலே கண்டதுபோலப் பகுதி வித்தியாசங்கள் சில புள்ளிகளே என்றால், ஒரு மாவட்டமும் ஆதரிக்காது, கொழும்பும் ஆதரிக்காது. கொழும்புக்கும் மஸ்கெலியாவுக்கும் உள்ள வேறுபாடு, எதிர்ப்பு எவ்வளவு அதிகம் என்பதில் மட்டுமே இருக்கும். அந்த வேறுபாட்டிலும் எது மேலே எது கீழே என்று நான் வரிசை சொல்ல மாட்டேன். சொன்னால் அது வீதங்களாக வேடமிட்ட முன்முடிவாகிவிடும்.

பெரும்பான்மை வேணாம்னா அதோட விட்டுற வேண்டியதுதானே?

தாய்வானில் 2018இல் 72 வீதத்தினர் மறுத்தனர் என்று சொன்னேன். அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2017இலேயே திருமண உரிமையை மறுப்பது செல்லாது என்று தீர்த்திருந்ததால், பாராளுமன்றம் தனிச் சட்டம் ஒன்றை இயற்றியது; அது 2019 மே 24 அன்று நடைமுறைக்கு வந்தது. சுலோவேனியாவில் 2015 வாக்கெடுப்பு மறுத்ததை, 2022இல் அரசியலமைப்பு நீதிமன்றம் உரிமை என்றது. பெரும்பான்மை என்ன நினைக்கிறது என்ற கேள்விக்கு வாக்கெடுப்பு விடை தரும். ஒருவருக்கு உரிமை உண்டா என்பது வேறு கேள்வி.

இந்த வித்தியாசத்தை மலையகத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் பாராளுமன்றப் பெரும்பான்மையோடுதான் நிறைவேறியது. அதைத் தொடர்ந்து நம்மவர் வாக்கையும் இழந்தனர். எஞ்சியிருந்த நாடற்றவர் பலர் குடியுரிமை பெற 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. அன்று நாடு முழுவதும் ஒரு மக்கள் தீர்ப்பு வைத்திருந்தால் நாம் வென்றிருப்போமா? எண்ணிக்கையில் சிறியவரின் உரிமையைப் பெரியவரின் கையெண்ணிக்கைக்கு விடுவதன் பொருள் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்குத் தெரியும்.

எங்க லயத்துலயே அந்த மாதிரி ரெண்டு பேரு இருக்காங்க. இந்தக் கணக்குல அவங்க எங்க வர்றாங்க?

வாக்காளர்களாக, மற்ற எவரையும் போலவே, ஆளுக்கு ஒன்றாக வருகிறார்கள். அதற்கு மேல் அவர்களைத் தேடிப் பிடித்து எண்ணக் கூடாது. முதல் பதிலில் சொன்ன 365அ இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஒரு தோட்டத்தின் ஒரு டிவிஷனில் நூறு குடும்பங்களும் இராத இடத்தில், "ஆதரவு இரண்டு பேர்" என்று ஒரு அட்டவணை சொன்னாலே அந்த இருவரும் யார் என்பதை ஊர் கண்டுபிடித்துவிடும்.

ஆகவே என் மாணவர்களுக்கு மூன்று கட்டளைகள் இட்டிருக்கிறேன். பயிற்சிக்காகக் கருத்துக் கேட்கப் போகும்போது, நீங்கள் யாரை விரும்புகிறீர்கள் என்று எவரிடமும் கேட்கக் கூடாது. சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று மட்டுமே கேட்க வேண்டும். தாளில் பெயரோ லயத்தின் இலக்கமோ எழுதக் கூடாது. கூட்டிய எண்களைத் தேர்தல் தொகுதிக்குக் கீழே பிரித்துக் காட்டக் கூடாது. போன தவணையில் ஒரு மாணவன் மிகுந்த உழைப்போடு டிவிஷன் வாரியாக வரைந்து வந்த படத்தை, அவனுக்குக் காரணத்தைச் சொல்லி, அவன் கையாலேயே கிழிக்கச் செய்தேன். தொகுதி அளவில் மறுபடி வரைந்து கொண்டுவந்தான்.